எண்பத்திரண்டாயிரம் சொற்கள்

‘நாவல் எழுதி முடிந்துவிட்டது, மொத்தம் எண்பத்திரண்டாயிரம் சொற்கள்’ என்று கடிதத்தில் எழுதியபோது மஸ்விட்டா தயங்கவேயில்லை. எட்டு நாள் கழித்து, லெஸ்டர் நகரத்தில் மிஸ்டர் பிராட் என்கிற முதியவரின் சமையலறையில் அவருக்கு ஓட்ஸ் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். அப்போது போன் அதிர்ந்தது. கரண்டியை விட்டுவிட்டுத் திறந்து பார்த்தாள்.

‘அன்புள்ள மஸ்விட்டா, மூன்று அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் படித்தேன். அந்த வேன் கண்டக்டரின் பேச்சு இன்னும் காதிலேயே இருக்கிறது. மூன்றாவது அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். முழு நாவலையும் அனுப்ப முடியுமா? ஃபிலிப்பா கார்ன், இலக்கிய முகவர், லண்டன்.’

கஞ்சி அடிப்பிடித்த வாசனை முன்னறை வரைக்கும் போயிருக்க வேண்டும்.

“என்னம்மா, ஊர்ல யாருக்காச்சும் ஏதாவதா?” என்று பிராட் நாற்காலியிலிருந்தே கத்தினார்.

“இல்லைங்க. நல்ல சேதிதான்.”

“நல்ல சேதிக்கே கஞ்சியைத் தீச்சுட்டியே. கெட்ட சேதி வந்தா வீட்டையே கொளுத்திடுவ போல.”

அவள் சிரித்து வைத்தாள். பாத்திரத்தைச் சுரண்டும்போது மனதுக்குள் திரும்பத் திரும்ப ஒரே கணக்கு ஓடியது. மூன்று அத்தியாயம். பதினாலாயிரத்து இருநூறு சொற்கள். அவ்வளவுதான். நாலாவது அத்தியாயம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

எழுத்தாளருக்காகப் பதிப்பகத்தாரிடம் பேசிப் புத்தகத்தை விற்றுத்தருகிற முகவர்கள் லண்டனில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு பக்கக் கடிதம், கதை கடைசிவரை என்ன ஆகிறது என்று ஒளிக்காமல் சொல்கிற ஒரு பக்கச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம். பிடித்தால்தான் மீதியைக் கேட்பார்கள். அதனாலேயே புதிதாக எழுத வருகிறவர்கள் அந்த மூன்றை மட்டும் வருஷக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் முதல் நாவலென்றால் முழுசாக முடித்த பிறகுதான் கடிதம் அனுப்ப வேண்டும். இது மஸ்விட்டாவுக்கும் தெரியும். பதில் வர மூன்று மாதமாகும், அதற்குள் மீதியை எழுதிவிடலாம் என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால், யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

வியாழக்கிழமை மாலை நூலக மாடியில் எழுதுகிறவர்கள் கூடுவார்கள். அங்கேதான் ஹேசல் பழக்கம். செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள், மஸ்விட்டாவைவிட ஏழெட்டு வயது மூத்தவள். ஒரு துப்பறியும் நாவலை முடித்துவிட்டு நாலு வருஷமாக அனுப்பிக்கொண்டிருக்கிறாள். நாற்பத்தொரு முகவர்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். மஸ்விட்டாவின் கடிதத்தை வரி வரியாகத் திருத்திக்கொடுத்தது அவள்தான். எண்பதாயிரத்துக்கும் தொண்ணூறாயிரத்துக்கும் நடுவில் ஒரு எண் போட்டால் கண்ணை உறுத்தாது என்று சொன்னதும் அவள்தான். நாவல் முடிந்துவிட்டதென்று நம்பித்தான் சொன்னாள்.

“முழுசும் கேட்டுட்டாங்களா?” ஹேசல் எழுந்தே நின்றுவிட்டாள். “எட்டு நாள்லயா? ஏண்டி, என்னைத் தேத்துறதுக்காவது ஒரு மாசம் காத்திருக்கச் சொல்லக் கூடாதா அந்தம்மாவை? அனுப்பிட்டியா?”

“இல்ல.”

“ஏன்?”

“மீதி இல்ல ஹேசல்.”

“இல்லைன்னா? தொலைஞ்சு போச்சா?”

“எழுதலை.”

ஹேசல் மெல்ல உட்கார்ந்தாள். தன் பையின் வாரைத் திருகினாள். “நான் நானூறு பக்கம் வச்சுக்கிட்டு வாசல் வாசலாத் தட்டுறேன், ஒருத்தரும் கதவத் தொறக்கலை. உன்கிட்ட கையில ஒண்ணுமில்ல, உன்னை உள்ள வா உள்ள வாங்கறாங்க. நல்லா இருடி, நல்லா இரு.” பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, “லீவு போடு. ஆறு வாரம் அவகாசம் கேளு, கடைசியா ஒரு தடவை திருத்தறேன்னு பொய் சொல்லு. உன் குரல் அவ்வளவு அருமை. உக்காந்தா வந்துடும்” என்றாள்.

உன் குரல். அந்த வார்த்தைதான் மஸ்விட்டாவைக் குத்தியது.

அவளுடைய அண்ணன் டிரைமோர், சொந்த ஊரான முட்டாரே நகரத்தில் சக்குப்வா குடியிருப்புக்கும் டவுனுக்கும் ஓடுகிற கொம்பி என்கிற பயணிகள் வேனில் பதினோரு வருஷம் கண்டக்டர். நாலு வருஷத்துக்கு முன் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவள் லெஸ்டர் வந்தபோது, முதல் குளிர்காலம் முழுக்க அழுதாள். அதைக் கேட்க முடியாமல் அவன் தினமும் கடைசி ட்ரிப் முடிந்ததும் ஒரு குரல் செய்தி அனுப்ப ஆரம்பித்தான். ‘வேன் செய்திகள், வாசிப்பது டிரைமோர்’ என்றுதான் தொடங்குவான். கைப்பைக்குள் கோழியை ஒளித்து ஏறிய காய்கறிக்காரி, அந்தக் கோழி பையிலேயே முட்டையிட்டது, முட்டை யாருக்குச் சொந்தம் என்று வேன் முழுக்க நடந்த வழக்கு. வரிசைக்கு நாலு பேர் உட்கார வேண்டிய இடத்தில் அசையாமல் உட்கார்ந்த பெரிய மனிதரிடம் ‘ஐயா, உங்களைப் பார்த்தா ரெண்டு பேரு, ஆனா எங்க கணக்குல ஒருத்தர்தான், கொஞ்சம் நகருங்க’ என்று இவன் சொன்னது. கேட்டுக் கேட்டு அவள் அழுகை நின்றது.

ஒருநாள், ஒரு முதியவர் வீட்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக்கு நடக்கும் வழியில், அந்தச் செய்திகளில் ஒன்றை ஆங்கிலத்தில் போனிடம் சொல்லிப் பார்த்தாள். போன் எழுத்தாக்கித் தந்தது. அண்ணன் ஒரு வரி, நிறுத்தம், அவள் ஒரு வரி. மழையில், பஸ் நிறுத்தத்தில், யாரோ வீட்டுப் படிக்கட்டில். நாலு மாதத்தில் மூன்று அத்தியாயம் ஆனது. அடுக்கியது அவள், வெட்டியது அவள், தாய்மொழி ஷோனாவிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்ததும் அவள். ஆனால் சிரிக்க வைத்த வரி ஒவ்வொன்றும் அவன் வாயிலிருந்து வந்தது.

போன வருஷம் முதலாளி வேனை விற்றுவிட்டார். டிரைமோர் இப்போது முட்டாரேயிலேயே டங்கம்வுரா குடியிருப்பில் செங்கல் அறுக்கிறான். செங்கல் பேசாது. வேன் செய்திகள் நின்றன. நாவலும் நின்றது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் நாலாவது அத்தியாயத்துக்கு உட்கார்ந்தாள். வேன் ஓடியது. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கண்டக்டர் எதையோ சொல்ல வந்து, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேசுகிற மாதிரி பேசினான். அவள் படித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லாத அறையிலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் அண்ணனைக் கூப்பிட்டாள். கூப்பிடும் முன் ஒன்று செய்தாள். மேசையில் இரவல் வாங்கிய இன்னொரு போனை வைத்து, பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினாள்.

“யாரது, சிஹேராவா?” எலாண்ட் மான் குலத்துப் பெண்களை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அடங்காத பெண்கள் என்றும் அதற்கு அர்த்தம் வைத்திருந்தார்கள். “ராணியம்மாவுக்கு இன்னைக்கு லீவு குடுத்துட்டாரா உங்க ராஜா?”

“சும்மாதான்ணே. சாப்டியா?”

“சாட்சாக் களியும் கீரையும். உன் அண்ணி கீரையில நிலக்கடலையை அரைச்சுப் போட்டு ஆக்கினா, ரெண்டு தட்டு. புத்தகம் எப்ப வருது? சர்ச்சுல நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், பாதிரியாரு ஜெபத்துலயே சேர்த்துட்டாரு.”

“வரும். அண்ணே, அந்த வேன் கதையெல்லாம் கேட்டு ரொம்ப நாளாச்சே. நீ சொல்லாதது ஏதாச்சும் இருக்கா?”

அவனுக்கு அது போதும். குரலே மாறியது, வேனின் கதவைப் பிடித்துத் தொங்குகிற குரல். “தாய்மார் சங்கம் கதை சொன்னேனா? சிவப்புச் சட்டை வெள்ளைத் தொப்பியோட பதினஞ்சு பேரு ஏறினாங்க, ஏறும்போதே பாட்டு. மேட்டுல வண்டி நின்னு போச்சு. ‘அம்மாமாரே, இறங்கித் தள்ளுங்க’ன்னேன். ‘பாட்டு முடியட்டும் தம்பி’ன்னாங்க. ஏழு சரணம்! ஆறாவது சரணத்துல பிரேக் விட்டுப்போச்சு, வண்டி தானா பின்னாடியே உருண்டுது. ஏழாவது முடியறப்போ கிளம்புன இடத்துக்கே வந்துட்டோம். அதுல ஒரு அம்மா சொல்லுது, ‘பாத்தியா தம்பி, பாட்டோட சக்தியை, தள்ளாமலே வண்டி ஓடிச்சு’ங்குது!”

மஸ்விட்டா சிரித்தாள். சிரிக்கும்போதே கண் மேசை மேலிருந்த போனுக்குப் போனது. சிவப்புப் புள்ளி. பதினெட்டு நிமிடம்.

“ஆனா பாரு,” என்றான் அவன், “இதெல்லாம் உன் புத்தகத்துல போட்டுடாதே. நீ வெள்ளைக்காரங்களுக்கு எழுதுறே, மரியாதையா எழுதணும். இந்தக் கண்டக்டர் வாய் நமக்குள்ள இருக்கட்டும். ‘இவ அண்ணன் இப்படியா பேசுவான்’னு உனக்குத்தான் கேவலம்.”

அவள் பதிவை நிறுத்தினாள்.

“அண்ணே. நான் இதை ரெக்கார்டு பண்ணிட்டு இருந்தேன்.”

“எதுக்கு, அப்புறமாக் கேட்டுச் சிரிக்கவா?”

“எழுதறதுக்கு. புத்தகமே நீ பேசினதுதான்ணே. எல்லாமே.”

அவன் நம்பவில்லை. அவள் முதல் பக்கத்தை எடுத்து ஷோனாவில் திருப்பிச் சொன்னாள். கோழி வந்தது, முட்டை வந்தது. அந்தப் பக்கம் முதலில் மூச்சுச் சத்தம், பிறகு வெடிச்சிரிப்பு. “அட, இது நான்! ஏய் இவளே, என் வாயை உனக்கு யாருடி குடுத்தா? அண்ணியைக் கூப்பிடறேன் இரு, அவளும் கேக்கட்டும்!” அவன் சந்தோஷப்பட்டது அவளுக்குத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அண்ணே, அண்ணியைக் கூப்பிடாதே. மூணாவது அத்தியாயம் வேற.”

“அது என்ன, நகராத அந்தப் பெரிய மனுஷன் கதையா?”

“அப்பா போன நாள்.”

சிரிப்பு நின்றது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அப்பா வீட்டில் இறந்தார். பக்கத்து வீட்டுக்காரர் டிரைமோருக்குக் குரல் செய்தி அனுப்பினார். அவன் வேனில் இருந்தான். கேட்டான், போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான், ‘டவுன், டவுன், நாலு நாலா உக்காருங்க’ என்று கூவினான். இன்னும் நாலு ட்ரிப் போனான். இறங்கினால் அது நிஜமாகிவிடும் என்று இருந்ததாம். மூத்த மகன் வராமல் உடலை யாரும் தொட மாட்டார்கள். அப்பாவின் பணிவிடைக்காக ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, மதியம் இரண்டு மணிவரை தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள். போனில் சார்ஜ் இல்லை, செய்தியைக் கேட்கவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டான். விசா சிக்கலில் அடக்கத்துக்கு வர முடியாத தங்கைக்கு மட்டும், ஆறு மாதம் கழித்து, பதினோரு நிமிடக் குரல் செய்தியில் நடந்ததைச் சொன்னான். ‘இது உன்கிட்ட மட்டும்தான், சிஹேரா’ என்று முடித்திருந்தான்.

“படி,” என்றான் டிரைமோர்.

படித்தாள். முழுவதும் படித்தாள்.

“என் பேரா போட்டிருக்கே?”

“இல்லண்ணே, வேற பேரு.”

“ஊரு?”

“முட்டாரேதான்.”

“வண்டி?”

“வெள்ளை. பின்கண்ணாடியில அந்தக் கழுகு ஸ்டிக்கர்.”

“அப்போ பேரை மாத்தி யாரை ஏமாத்துறே? அத்தைக்குப் படிக்கத் தெரியாட்டி என்ன, அவ பையன் படிச்சுக் காட்ட மாட்டானா? இதுவரைக்கும் எத்தனை பேரு படிச்சாங்க?”

“ஹேசல். அப்புறம் ஆறு ஏஜென்ட்டுக்கு அனுப்பியிருக்கேன்.”

“ஏழு பேரு.” அவன் குரல் உயரவேயில்லை. “நான் ஒருத்திகிட்டதான் சொன்னேன்.”

போனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அந்த வாரம் மஸ்விட்டா செய்ததை அவளே பின்னால் யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வேனை நீலமாக்கினாள். செவ்வாய்க்கிழமை கழுகை எடுத்துவிட்டுக் குதிரை வைத்தாள். புதன்கிழமை ஊரை மாற்றினாள், அப்பாவை மாமாவாக்கினாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு மறுபடி படித்துப் பார்த்தாள். குரல் அப்படியே இருந்தது. அதில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்ததே, அதுதான் அசிங்கம். முட்டிவரை நனைந்த பிராட்டின் காலுறையைக் கழற்றும்போதும் அதையேதான் நினைத்தாள்: அத்தியாயம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை நூலகத்துக்குப் போகவில்லை. அண்ணனுடைய கோபத்தைச் சொன்னதற்கு ஹேசல் எழுதியிருந்தாள்: ‘உங்கண்ணன் என்ன, கோர்ட்டுக்கா போகப்போறாரு? இப்படி ஒரு பதில் எனக்கு வந்திருந்தா எங்கம்மாவையே அட்டைப்படத்துல போட்டிருப்பேன்.’ வெள்ளிக்கிழமை ஃபிலிப்பா கார்ன் மறுபடி எழுதினார்: ‘அவசரமில்லை, ஆனால் ஆவலாக இருக்கிறேன்.’ மஸ்விட்டா அந்த ‘ஆவலாக’வைப் பத்துத் தடவை பார்த்தாள். அண்ணனுக்கு ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிராட் வீட்டு வாசலில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது. நாலு நிமிடம். படியிலேயே உட்கார்ந்து கேட்டாள்.

“நேத்து பஸ் ஏறி அத்தை ஊருக்கு, புஹேராவுக்குப் போனேன். அத்தை வீட்டு வாசல்லயே தரையில உக்காந்துட்டேன், உள்ள வரச் சொல்லியும் போகலை. கையைத் தட்டி வணக்கம் வச்சிட்டு, சார்ஜ் இருந்துச்சு அத்தைன்னேன். என்ன சார்ஜுன்னு கேட்டா. சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், நாலு ட்ரிப்பும். அப்புறம் துணியால முகத்தைத் தொடச்சிட்டு, ‘உங்கப்பன் மூஞ்சியில ஈ உக்காராம நான் அஞ்சு மணி நேரம் விசிறிக்கிட்டு இருந்தேண்டா’ன்னா. அவ்வளவுதான் சொன்னா. பெரியவங்களைக் கூப்பிட்டு ஒரு ஆடு தண்டம் போட்டாங்க. அடுத்த மாசம் கொண்டுபோய்க் கட்டணும். அத்தை எனக்குச் சோறு போட்டா, ஆனா என் பக்கத்துல உக்காரலை.”

பின்னால் பஸ் ஹாரன்.

“உன் புத்தகத்துல படிச்சு அவளுக்குத் தெரிய வேண்டாம்னுதான் போனேன். நான் சொல்லித் தெரிஞ்சாதான் மரியாதை. இனிமே அது ரகசியம் இல்ல. நீ போடு, போடாதே, உன் இஷ்டம். ஆனா உனக்குன்னு நான் குடுத்ததா நெனச்சுக்காதே. அதை நான் உனக்குக் குடுக்கலை.”

உள்ளேயிருந்து பிராட் கூப்பிட்டார். “யாரு வெளியில? திருடனா இருந்தா டீ போட்டுட்டுப் போ!”

அவள் உள்ளே போய் டீ போட்டாள். குளிப்பாட்டினாள், மாத்திரை கொடுத்தாள், குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் ஊருக்குப் போய்த் தரையில் உட்கார்ந்திருந்த அதே சனிக்கிழமை தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தாள். மாமாவுக்குப் பொருத்தமான பெயர் தேடிக்கொண்டிருந்தாள்.

பகல் ஷிப்ட் முடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து போனை வாய்க்கருகில் வைத்துச் சொன்னாள். போன் எழுதிக்கொண்டது.

‘அன்புள்ள ஃபிலிப்பா, நான் உங்களிடம் பொய் சொன்னேன். நாவல் முடியவில்லை. இருப்பது பதினாலாயிரத்து இருநூறு சொற்கள், நீங்கள் படித்தது மட்டும்தான். உங்கள் காதில் இருக்கிற பேச்சு என் அண்ணன் டிரைமோருடையது. அவனைக் கேட்காமல் எடுத்தேன். மூன்றாவது அத்தியாயத்தைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள், யாருக்கும் காட்டாதீர்கள். மீதியை எப்போதாவது எழுதினால் அவனுடைய சம்மதத்தோடும் பெயரோடும் எழுதுவேன். சம்மதிப்பானா என்று தெரியாது.’

ஹேசல் பார்த்திருந்தால் முதல் வரியிலேயே தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். மஸ்விட்டா ஒரு எழுத்தையும் திருத்தாமல் அனுப்பினாள். மற்ற ஐந்து பேருக்கும் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி அனுப்பினாள். பிறகு ஃபிலிப்பாவுக்கு எழுதியதையே ஷோனாவில் வாசித்து அண்ணனுக்குக் குரல் செய்தியாக அனுப்பினாள். மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்து அழித்து, மூன்றாவது தடவை அப்படியே விட்டுவிட்டாள்.

இரண்டு நீல டிக் விழுந்தது. கேட்டுவிட்டான். பதிலில்லை. திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை. ஃபிலிப்பாவிடமிருந்தும் இல்லை.

புதன்கிழமை மதியம் ஒன்று வந்தது. ஒன்பது விநாடி. ‘வேன் செய்திகள்’ என்று தொடங்கவில்லை, சிஹேரா என்றும் கூப்பிடவில்லை.

“அந்தக் கோழிக்காரி பேரையாவது மாத்து. அவ இன்னும் அதே முக்குலதான் தக்காளி விக்கிறா. தினம் என் முகத்தைப் பாக்குறா.”

மஸ்விட்டா நின்ற இடத்திலேயே, நடைபாதையில், போனில் நாவலின் கோப்பைத் திறந்தாள். காய்கறிக்காரியின் பெயர் வந்த இடத்திலெல்லாம் அழித்தாள். புதுப் பெயர் எதுவும் போடவில்லை. அதை அவனிடம் கேட்க வேண்டும். கேட்கிற தைரியம் வருகிறவரை அந்த இடங்கள் காலியாகவே இருக்கட்டும் என்று மூடிவைத்தாள்.